பச்சைத் தட்டிக்குப் பின்னால்

ஜனாதிபதி லாத்ரப்பின் அக்கா எங்கள் அறைக்குள் வந்து நின்றது மொத்தம் ஆறு நிமிடம் இருக்கும். அதில் என்னோடு பேசியது ஒரு நிமிடம்கூட இல்லை. எனக்கு இப்போது அறுபது வயது நெருங்குகிறது. அந்த ஒரு நிமிடம் மட்டும் இன்னும் என்னோடு குடியிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வாஷிங்டனில் ஒரு நில அளவை அலுவலகத்தில் படியெடுக்கும் வேலை பார்த்தேன். மேற்கே இடாஹோ, மொண்டானா பக்கம் காட்டிலும் மேட்டிலும் சங்கிலி இழுத்து அளந்தவர்களின் குறிப்புப் புத்தகங்கள் எங்களுக்கு வரும். அவற்றை வைத்து வரைபடம் எழுதுபவர் லூசியஸ் பெட்டிஃபர்ட். எழுதி முடித்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். நான் குறிப்பைப் பார்த்து, "வடக்கிலிருந்து கிழக்காக நாற்பத்தோரு பாகை, இருபத்திரண்டு சங்கிலி, ஐம்பது கண்ணி" என்று உரக்க வாசிப்பேன்; சங்கிலியின் ஒரு வளையம்தான் கண்ணி. அவர் வரைபடத்தைப் பார்த்து அதே எண்களைத் திருப்பிச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த வரி. ஒரே மேசை, எதிரெதிர் நாற்காலி, நடுவில் ஒரே மைக்கூடு. நான்கு வருடம் இப்படி.

பெட்டிஃபர்ட் கறுப்பர். அந்த அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக இருந்தவர். அவர் கையெழுத்தைப் போல் ஒரு எழுத்து அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் கிடையாது. அளவையாளரின் புத்தகம் நனைந்து மை ஊறியிருந்தால் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இடாஹோவுல நல்ல மழை போலிருக்கு, மிஸ் குவிலன். ஏக்கர் எல்லாம் கரைஞ்சு போச்சு" என்பார். சிரிக்காமல் சொல்வார். நான்தான் சிரிப்பேன்.

லாத்ரப் அந்த மார்ச்சில் பதவிக்கு வந்தார். மனைவியை இழந்தவர். அதனால் வீட்டை நடத்த அவருடைய அக்கா மிஸஸ் வெனபிள் வந்து சேர்ந்தார். இரண்டே வாரத்தில் ஊருக்கே ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. வேலை வேண்டுமென்றாலோ வேலை போகாமல் இருக்க வேண்டுமென்றாலோ ஜனாதிபதியைப் பார்த்துப் பயனில்லை, வியாழக்கிழமை மாலை அவருடைய அக்கா கொடுக்கும் தேநீர் விருந்துக்குப் போக வேண்டும். ஒரு நீதிபதியின் மனைவியைப் பார்த்து அந்த அம்மாள் "களைச்சுப் போயிருக்கீங்களே" என்றாராம், அடுத்த மாதம் அந்த நீதிபதிக்கு ஓய்வு கொடுத்தார்கள். அக்கா மகனுக்குத் துறைமுகத்தில் பெரிய பதவி. ஆனால் அவர் யாருக்கும் உத்தரவு போட்டார் என்று ஒரு ஆளும் சொன்னதில்லை.

அரசாங்க அலுவலகங்களில் பெண்கள் எப்படி வேலை பார்க்கிறார்கள், வெளிச்சம் இருக்கிறதா, காற்று வருகிறதா என்று பார்க்க அவர் ஏப்ரலில் கிளம்பினார். பத்திரிகைகள் எல்லாம் பாராட்டி எழுதின. எங்கள் அறைக்கு அவர் வந்த அன்று மழை. ஜன்னல் ஒன்று சரியாக மூடாது. அதன் வழியாக ஈரக்காற்று நேராக என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் தலைமை அதிகாரி ஸ்ப்ரௌல் முன்னால் வந்து கதவைத் திறந்தார். மிஸஸ் வெனபிள் நல்ல உயரம், வெள்ளை முடி, வயலட் பூ வாசனை. பெட்டிஃபர்ட் உடனே எழுந்து நின்றார். அந்த அம்மாள் நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்தார்.

"கை ஏன் கண்ணு இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

அவர் மேசையைப் பார்த்தார். மைக்கூட்டைப் பார்த்தார். மேசை விளிம்பில் இருந்த பெட்டிஃபர்டின் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"இங்க உக்காந்து வேலை பாக்கறது உனக்குக் கஷ்டமா இல்லையா?"

"சில நேரம் கஷ்டமாத்தான் இருக்கு, மேடம். அந்த..."

ஜன்னல் பக்கம் திரும்பி, அந்த ஜன்னல் சரியாக மூடுவதில்லை என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"தெரியும் கண்ணு. நீ சொல்லவே வேணாம்."

அவர் எதைப் புரிந்துகொண்டார் என்பது அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் யாரிடமும் மறுத்ததில்லை. அவர் கதவு வரைக்கும் போக ஐந்தாறு அடி இருந்தது. "ஜன்னல், மேடம்" என்று சொல்ல அது தாராளமாகப் போதும். நான் சொல்லவில்லை. பயம் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் மட்டுமில்லை. ஜனாதிபதியின் அக்கா என் கையைப் பிடித்து எனக்காக இரங்கியது சுகமாக இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

கதவருகே அவர் ஸ்ப்ரௌலிடம், "அந்தப் பொண்ணைக் கொஞ்சம் கவனிச்சுக்கங்க" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

பெட்டிஃபர்ட் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். "எங்க விட்டோம்? நாற்பத்தொண்ணா?" என்றார்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு பொருள்கள் வந்தன. என் காலடியில் வைக்க ஒரு சின்ன எண்ணெய்க் கணப்பு. இன்னொன்று, ஓக் மரச் சட்டம் அடித்துப் பச்சைக் கம்பளித் துணி இழுத்துக் கட்டிய தட்டி. ஏழடி உயரம். நான் உள்ளே நுழையும்போது தச்சர்கள் பெட்டிஃபர்டின் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்தி, ஒரு தனி மேசை போட்டு, அதைச் சுற்றி மூன்று பக்கமும் தட்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நான்காவது பக்கம் பின்நடைக்குப் போகும் கதவு. இனிமேல் அவர் அந்த வழியாகத்தான் வந்துபோக வேண்டும். சாப்பாடு கீழே கொதிகலன் அறையில்.

பெட்டிஃபர்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இது எழுத்துல வந்த உத்தரவா, சார்?" என்று ஸ்ப்ரௌலைக் கேட்டார்.

"எழுத்துல எதுக்கு? ஜனாதிபதியோட அக்காவே நேர்ல வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

உண்மையில் ஸ்ப்ரௌல் கெட்ட மனிதர் இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்திலேயே நரைத்துப்போன மனிதர். "இந்தப் பொண்ணைக் கவனிச்சுக்கச் சொன்னாங்க" என்றார்.

பெட்டிஃபர்ட் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்து கணப்பின் திரியைச் சரிசெய்தேன்.

அன்று மதியம் சரிபார்க்கும் வேலை வந்தது. நான் வாசித்தேன். தட்டிக்குப் பின்னாலிருந்து எண்கள் திரும்பி வந்தன. பச்சைத் துணி குரலைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டது. வெகு தூரத்தில், ஏதோ மலைக்கு அந்தப் பக்கத்தில் நின்று ஒருவர் பேசுவது போலிருந்தது. மழையைப் பற்றியும் கரைந்துபோன ஏக்கரைப் பற்றியும் அதன் பிறகு ஒரு வார்த்தை வரவில்லை. எண்கள் மட்டும்தான்.

எங்கள் அறைத் தட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு அடுத்த மாடிக்காரர் தானாகவே ஒன்று வைத்தார். மே முடிவதற்குள் அந்தக் கட்டடத்தில் நான்கு தட்டிகள். யாரும் யாருக்கும் உத்தரவிடவில்லை.

"உனக்கென்னம்மா, நீ பெரிய இடம்" என்பாள் பெர்னிஸ். பக்கத்து மேசைக்காரி. "ஒரே ஒரு வார்த்தை சொல்லி ஒரு சுவரையே கட்டிட்ட. எனக்கும் அந்த அம்மாகிட்டச் சொல்லி ஒரு நல்ல மாப்பிள்ளையா வாங்கிக் குடேன்."

ஒருநாள் அறையில் யாரும் இல்லாதபோது நான் தட்டியருகே போய் நின்றேன். "மிஸ்டர் பெட்டிஃபர்ட், அன்னிக்கு நான் சொல்ல வந்தது வேற" என்றேன்.

உள்ளே பேனா நின்றது.

"அடுத்த வரியை வாசிங்க, மிஸ் குவிலன்" என்றார்.

ஜூனில் ஒரு வியாழக்கிழமை, இருந்ததில் நல்ல உடையை உடுத்திக்கொண்டு ஜனாதிபதி மாளிகைக்குப் போனேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு மிஸஸ் வெனபிள் எதிரில் போய்ச் சேர்ந்தேன். என்னை அவருக்கு நினைவிருந்தது.

"வா கண்ணு. கணப்பு வந்துதா?"

"வந்துது, மேடம். கூடவே ஒரு தட்டியும் வந்துது."

"என்ன தட்டி?"

சொன்னேன். கேட்டுவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "நான் தட்டின்னு ஏதாவது சொன்னேனா?"

"இல்ல, மேடம்."

"பின்ன?"

"நான் அன்னிக்கு அவரைப் பத்திச் சொல்லல. அவர் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. நல்ல மனுஷர். அவரைப் பழைய இடத்துலயே உக்கார வச்சா..."

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார். முகத்திலிருந்த கனிவு குறையவில்லை. அது அப்படியே உறைந்து நின்றது.

"நீ ரொம்ப நல்ல பொண்ணு. உன்னை மாதிரி பொண்ணுங்களுக்குத் தனக்கு என்ன கஷ்டம்னே தெரியறதில்ல. நான் அரசாங்கத்துல தலையிடறவ இல்ல கண்ணு. என் தம்பி நேரத்துக்குச் சாப்பிடறானான்னு பாக்கறவ. ஆனா நீ இவ்வளவு தூரம் வந்து கேட்டுட்ட. யார்கிட்டயாவது ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேன். கேக் எடுத்துக்க."

நான் கேக் எடுத்துக்கொண்டேன். வெளியே வரும்போது என் மனம் லேசாக இருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்றே நம்பினேன்.

ஒன்பதாம் நாள் ஸ்ப்ரௌல் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உதடுகள் வெளுத்திருந்தன.

"நீங்க அங்க போனீங்களா?"

"போனேன், சார். தட்டியை எடுக்கச் சொல்லத்தான்..."

"ஜனாதிபதி மாளிகையில இருந்து எங்க மேலதிகாரிக்கு டெலிபோன். 'அந்த ரூம் விஷயம் இன்னும் முடியலையா'ன்னு கேட்டாங்களாம். வேற ஒரு வார்த்தை இல்ல. அந்தக் குடும்பத்து வாயில இந்த ரூம் ரெண்டு தடவை வந்தாச்சு, மிஸ் குவிலன். மூணாவது தடவை வந்தா நான் இங்க இருக்க மாட்டேன்."

"அவங்க கேட்டது தட்டியை எடுக்கறதைப் பத்தியா இருக்கும், சார்."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். திரும்ப டெலிபோன் பண்ணி, 'என்னம்மா சொல்ல வந்தீங்க'ன்னு யார் கேக்கறது? நீங்க கேக்கறீங்களா?"

பெட்டிஃபர்டின் பதவி தேவையில்லை என்று அன்றைக்கே காகிதம் போய்விட்டது. அவர் கையிலிருந்த வரைபடத்தை முடித்தார். பேனாக்களைத் துடைக்கும் சத்தம் கேட்டது. இழுப்பறை மூடியது. காலடி பின்நடைக் கதவை நோக்கிப் போய், பாதியில் நின்றது. நானும் இந்தப் பக்கம் எழாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு கதவு திறந்து மூடியது. ஏப்ரலுக்குப் பிறகு அந்த அறையில் நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

தட்டியை எடுக்கவில்லை. "எடுக்கச் சொல்லி யாரும் சொல்லலியே" என்றார் ஸ்ப்ரௌல்.

புதிதாக வந்த வரைவாளருக்கு வேறு மாடியில் இடம் கொடுத்தார்கள். சரிபார்ப்பது இப்போது என் ஒருத்தியின் வேலை. இடது பக்கம் குறிப்பு, வலது பக்கம் வரைபடம். பழக்கத்தில் வாய்விட்டே வாசித்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் மாதம், மதியம் மூன்று மணி, வெயில் கொளுத்துகிறது. "பதினேழு சங்கிலி, முப்பது கண்ணி" என்றேன்.

"பதினொண்ணு" என்றது தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

மெதுவாகக் குறிப்புப் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த அளவையாளர் ஒன்று என்ற எண்ணுக்குத் தலையில் கொடி வைத்து, ஏழு போல எழுதுகிறவர். அது பதினொன்றுதான்.

எழுந்து தட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். நாற்காலி. மேசைமேல் தூசி. ஒற்றுத்தாளில் தலைகீழாகப் பதிந்த பழைய எண்கள். வேறொன்றும் இல்லை.

மறுநாளும் கேட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு மேல் எண்கள் திரும்பி வந்தன. நான் வாய்விட்டு வாசிப்பதை நிறுத்தினேன். உதட்டை இறுக மூடிக்கொண்டு கண்ணால் மட்டும் படித்தேன். நான் சொல்லாத எண்களையும் அது திருப்பிச் சொன்னது.

"யார்கூடப் பேசிக்கிட்டிருக்க?" என்றாள் பெர்னிஸ் ஒருநாள்.

"யார்கூடயும் இல்லையே."

"தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டிருந்தியே" என்றாள். அன்று அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

செப்டம்பர் கடைசியில் எண்கள் நின்றன. நான் ஒரு வரியைப் படித்துவிட்டுக் காத்திருந்தேன். பதில் இல்லை. அப்பாடா என்று பக்கத்தைப் புரட்டினேன். அப்போது அந்தக் குரல் பொறுமையாக, மரியாதையாகக் கேட்டது.

"அந்த... என்ன, மிஸ் குவிலன்?"

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பெட்டிஃபர்டின் வீட்டைத் தேடிப் போனேன். நகரத்தின் வடக்கே செங்கல் வீடுகள் வரிசையாக இருந்த தெரு. தேவாலய ஆராதனை முடிந்து ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய மனைவி இடெல்லா கதவைத் திறந்தார். இன்னும் தொப்பியைக் கழற்றியிருக்கவில்லை. நான் பெயரைச் சொன்னதும் கதவைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டார்.

"அவரைப் பாக்கணும்" என்றேன்.

"எதுக்கு?"

"ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்த அம்மா வந்தப்ப நான்..."

"ஜன்னலைப் பத்தியா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அவர் உங்களுக்கு எதிர்லதானே நின்னார்? நீங்க ஜன்னலைப் பாத்ததையும் பாத்தார். அப்புறம் அந்த அம்மா முகத்தைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டதையும் பாத்தார். வீட்டுக்கு வந்து அன்னிக்கே சொல்லிட்டார். நீங்க வந்து சொல்லி எங்களுக்குத் தெரியணும்னு இல்ல."

"நான் மன்னிப்பு..."

"இருங்க. எங்ககிட்ட சொல்றதுல உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. நாங்க மேல்முறையீடு போட்டிருக்கோம். வக்கீல் சாட்சிக்கு ஆள் தேடறார். எங்க ஜனங்க நாலு பேர் வராங்க. உங்க பக்கத்துல இருந்து ஒருத்தரும் வரல. சொல்றதா இருந்தா அங்க வந்து சொல்லுங்க."

கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே யாரோ இருமினார்கள். அவராக இருக்கலாம்.

விசாரணை நவம்பரில் நடந்தது. நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். மூன்று பேரையும் அந்த வருடம்தான் நியமித்திருந்தார்கள், அதுவும் எந்த வீட்டுச் சிபாரிசில் என்று எல்லோருக்கும் தெரியும். பெட்டிஃபர்ட் ஓரத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முன்பு கறுப்பாக இருந்த பிடரி முடி முழுக்க வெளுத்திருந்தது.

நான் நடந்ததைச் சொன்னேன். ஏழு மாதம் தொண்டைக்குள் நின்றுபோயிருந்த அந்த வாக்கியத்தைக் கடைசி வரை சொன்னேன். நடுவில் இருந்தவர் பேனாவைச் சுழற்றியபடி கேட்டார்.

"மிஸஸ் வெனபிள் தட்டி வைக்கச் சொன்னாங்களா?"

"இல்ல, சார்."

"இவரை வேலையை விட்டு எடுக்கச் சொன்னாங்களா?"

"இல்ல."

"இவர் பேரையாவது சொன்னாங்களா?"

"அவங்களுக்கு இவர் பேரே தெரியாது, சார்."

"அப்ப அவங்க என்னதான் செஞ்சாங்க?"

"என் கையைப் பிடிச்சாங்க" என்றேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எழுத்தர் குனிந்து எழுதினார். பிறகு அந்தப் பதிவை நான் வாங்கிப் பார்த்தேன். நான் அரைமணி நேரம் சொன்னதை அவர்கள் ஒரே வரியில் முடித்திருந்தார்கள்: சாட்சி தமது இருக்கையருகே இருந்த ஜன்னலைப் பற்றிக் குறை கூறினார்.

உத்தரவு என்று எதுவும் இல்லாததால் தவறு என்றும் எதுவும் இல்லை என்று அன்று மாலையே முடிவு சொல்லிவிட்டார்கள். என் வேலை அந்த மாதத்தோடு போயிற்று. மிஸஸ் வெனபிள் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லியிருக்கத் தேவையும் இல்லை.

முடிவைக் கேட்டுவிட்டு நடைக்கு வந்தபோது பெட்டிஃபர்டும் அவர் மனைவியும் படிக்கட்டருகே நின்றிருந்தார்கள். நான் கடந்து போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தயங்கினேன். அவர் திரும்பினார். முகம் இளைத்திருந்தது. கண்ணாடி மாற்றியிருந்தார்.

"கீழ் மாடிப் படியில ஈரம் இருக்கு, மிஸ் குவிலன். பாத்து இறங்குங்க" என்றார்.

கொஞ்சம் கரகரத்த, தாழ்ந்த குரல். நான்கு வருடம் எதிரில் உட்கார்ந்து கேட்ட குரல். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தட்டிக்குப் பின்னாலிருந்து கேட்டதை இவர் குரல் என்றே நினைத்திருந்தேன். அது இது இல்லை; யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"வெள்ளிக்கிழமை கிளீவ்லாந்து போறோம்" என்றார் இடெல்லா, என்னைப் பார்க்காமல், கையுறையை மாட்டிக்கொண்டே. "அங்க ஒரு நில அளவைக்காரர் இவர் எழுத்தைப் பாத்துட்டு வரச் சொல்லியிருக்கார்."

"சந்தோஷம்" என்றேன்.

"இவங்கம்மா ஊர் அது" என்றார் பெட்டிஃபர்ட், மனைவியைக் காட்டி. "குளிர் ஜாஸ்தியா இருக்கும்னு சொல்றாங்க."

மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஈரப் படி வந்ததும் முதலில் தான் கால் வைத்துப் பார்த்துவிட்டு அவரை இறக்கினார். நான் மேலேயே நின்று, அவர்கள் தெருவுக்குப் போய் டிராம் ஏறும் வரை ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் பின்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.